கடைசிக் குளத்து மீன்கள்

கையுறைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முதலில் நின்று பார்ப்பது மேலே ஓடும் சங்கிலியைத்தான். பீங்கானால் செய்த கைகள் ஆயிரக்கணக்கில், விரல்கள் கீழ்நோக்கித் தொங்க வரிசையாக வரும். ரப்பர் பால் தொட்டியில் மூழ்கி எழும், வெந்நீரில் அலசப்படும், அடுப்புக்குள் நுழைந்து வெளியே வரும். நான் வேலை பார்த்த இடம் அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. விருந்தாளிகளை அங்கே அழைத்து வர மாட்டார்கள். தொட்டிகள், குழாய்கள், காற்றூதி இரைச்சல், கடைசியில் ஒரு குளம். மலேசியாவில் கிள்ளானுக்கு வடக்கே மேரு, காப்பார் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இந்தப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்வதே என் தொழில். உள்ளே கழுவிய தண்ணீர் அத்தனையும் எங்களிடம் வந்து சேரும். அதை ஆற்றில் விடத் தக்க நிலைக்குக் கொண்டுவந்து அனுப்ப வேண்டும்.

அந்தத் தண்ணீரில் அமோனியா இருக்கும், கால்சியம் நைட்ரேட் இருக்கும், குளோரின், சோப்பு, உறையாமல் தப்பிய பால் எல்லாம் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை வாடையாலோ நிறத்தாலோ நுரையாலோ தாம் இருப்பதைச் சொல்லிவிடும். துத்தநாகம் சொல்லாது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் கரைந்திருந்தாலும் தண்ணீர் தெளிவாகவே தெரியும். இதைவிடப் பெரிய சங்கடம், அது உண்டாக்கும் கேட்டிலும் அதன் பெயர் தெரிவதில்லை. செடியில் அது இரும்புச்சத்துக் குறையாகத் தோன்றும். ஆட்டிலும் மனிதனிலும் தாமிரக் குறையாகத் தோன்றும். மீன் சாவது கால்சியம் இழந்து. பழியை வேறொன்றின் மேல் போட்டுவிட்டுத் தான் மறைந்துகொள்ளும் உலோகம் இது. இத்தனை காலம் இதோடு மல்லுக்கட்டியதில் நான் முதன்மையாகக் கற்றது இதுதான்.

ரப்பருக்கும் துத்தநாகத்துக்கும் உறவு நெடுங்காலத்தது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதிப்படும் என்பதை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். அந்த வினை விரைவாகவும் சீராகவும் நடக்கத் துத்தநாக ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள் வேண்டும். கார் டயரின் எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை அதுதான். கையுறைக்கு நூறு பங்கு ரப்பருக்கு ஏறக்குறைய ஒரு பங்கு போதும். இப்போது எல்லாரும் கேட்கும் நைட்ரில் கையுறையிலோ அது வெறும் துணைப்பொருள் அல்ல. நைட்ரில் பாலின் இழைகளுக்கு நடுவே துத்தநாகமே பாலமாக நின்று அவற்றைப் பிணைக்கிறது. அதை எடுத்துவிட்டால் கையுறைக்கு வலு இல்லை.

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். பால் தொழிற்சாலைக்கு வருவதற்கு முன்பே அதற்குள் துத்தநாகம் போய்விடுகிறது. என் அப்பா வேலை பார்த்த ஆலையில் வெட்டுப்பாலைச் சுழற்றிச் செறிவாக்குவார்கள். அது கெட்டுப்போகாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். அமோனியாவைக் குறைத்துக்கொள்ள வேண்டுமானால் கூடவே துத்தநாக ஆக்சைடும் வேறொரு மருந்தும் சிறிதளவு போடுவார்கள். அப்பாவின் காற்சட்டை ஓரங்களில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியை அம்மா துவைக்கும்போது திட்டியபடியே உதறுவது எனக்கு நினைவிருக்கிறது.

1980களின் பிற்பாதியில் எய்ட்ஸ் அச்சம் உலகெங்கும் பரவியபோது மருத்துவமனைகளுக்குக் கையுறை தேவைப்பட்டது. பால் இங்கே இருந்தது, கப்பல்துறை கிள்ளானிலேயே இருந்தது, வேலைக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் இருந்தோம். தொழிற்சாலைகள் மளமளவென்று எழுந்தன. நான் பாலிடெக்னிக்கில் வேதியியல் முடித்துவிட்டு அந்த அலையில்தான் உள்ளே நுழைந்தேன்.

இனி, துத்தநாகத்தைத் தண்ணீரிலிருந்து எப்படிப் பிரிக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அமிலத் தண்ணீரில் அது கரைந்தே கிடக்கும். காஸ்டிக்கோ சுண்ணாம்போ சேர்த்துப் பிஎச்சை உயர்த்தினால் 9, 9.5 அளவில் வெள்ளையாகத் திரளும். பாலிமர் விட்டால் திரள் பெருத்து அடியில் படியும். இவ்வளவுதானே என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். காஸ்டிக் கொஞ்சம் கூடுதலாகப் போனால் இன்னும் நல்லதுதானே என்றும் நினைப்பார்கள். அங்கேதான் வழுக்கும். பிஎச் 11ஐத் தாண்டினால் படிந்த துத்தநாகம் வேறொரு வடிவில் மறுபடியும் கரையத் தொடங்கும். இரவு ஷிப்டில் காஸ்டிக் பம்ப் சிக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தால் காலையில் தொட்டி பளிச்சென்று தெளிந்திருக்கும். தெளிவைப் பார்த்து மேலாளர் மகிழ்வார். கருவியில் வைத்துப் பார்த்தால் துத்தநாகம் முழுக்க வெளியே போய்க்கொண்டிருக்கும்.

அமோனியா இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். அமோனியா துத்தநாகத்தோடு சேர்ந்து கரையும் கூட்டுப்பொருளாகிவிடும். அப்புறம் பிஎச் 9.5 சரியாக இருந்தாலும் அது படியாது. இயற்கைப் பால் ஓடும் நாட்களில் எண் இறங்காமல் நிற்பதும், நைட்ரில் ஓடும் நாட்களில் இறங்கிவிடுவதும் இதனால்தான். முதலில் காற்று ஊதி அமோனியாவை விரட்ட வேண்டும், இல்லையென்றால் சல்பைடு போட்டுப் படிய வைக்க வேண்டும். சல்பைடு ஆபத்தான சாமான். பிஎச் குறைந்துவிட்டால் உயிரைப் பறிக்கும் வாயு கிளம்பும். அதனால் அதைத் தொடும் உரிமையை நான் யாருக்கும் எளிதில் கொடுத்ததில்லை.

எந்த அளவில் எது சரி என்று புத்தகம் சொல்லாது, ஜார் டெஸ்ட்தான் சொல்லும். ஆறு குவளை. ஒவ்வொன்றிலும் அன்றைய தொட்டித் தண்ணீர் ஒரு லிட்டர். துடுப்புகள் ஒரே வேகத்தில் சுற்றும். முதல் குவளையில் பிஎச் 8, அடுத்ததில் 8.5, இப்படி அரை அரையாக ஏற்றிக்கொண்டு போவேன். பாலிமர் துளி விழுந்ததும் வேகத்தைக் குறைக்க வேண்டும். முதலில் வெறும் கலங்கல் தெரியும். பிறகு குவளையின் நடுவில் புள்ளிகள் கூடும். நன்றாக வந்தால் ஊறிய ஜவ்வரிசி அளவுக்குத் திரள் உருண்டு, துடுப்பை நிறுத்தியதும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். மோசமாக வந்தால் தூசு போல மிதந்துகொண்டே இருக்கும், எத்தனை மணி நேரம் வைத்தாலும் இறங்காது. மிதக்கும் தூசை வடிகட்டாமல் அடுத்த தொட்டிக்கு விட்டால் அங்கே அமிலம் சேர்த்துப் பிஎச்சை 9க்குக் கீழே கொண்டுவரும்போது அதில் இருக்கும் துத்தநாகம் மறுபடியும் தண்ணீருக்குள் போய்விடும். எனவே திரளின் அளவைக் கண்ணால் பார்த்துப் பழகுவதை நான் கருவிக்குச் சமமாக மதிக்கிறேன். என்னிடம் பயின்றவர்கள் எல்லாரையும் குவளைக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறேன். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான்.

மலேசியாவின் 2009ஆம் ஆண்டு தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் இரண்டு தரங்கள் உண்டு. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் ஆலைகளுக்கு 'ஏ' தரம், மற்றவற்றுக்கு 'பி' தரம். தாமிரத்துக்கு 'ஏ'யில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், 'பி'யில் 1.0. ஈயத்துக்கு 0.1, 0.5. துத்தநாகத்துக்கோ இரண்டிலும் 2.0. குடிநீர்ப் பகுதி என்றாலும் சரி, கழிமுகம் என்றாலும் சரி, அதே அளவுதான். மனிதன் குடிக்கும் தண்ணீரை மட்டும் நினைத்தால் இதில் பெரிய குறை சொல்ல முடியாது. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போனால் தண்ணீரின் சுவையும் தோற்றமும் பிடிக்காமல் போகலாம் என்பதற்கு மேல் உலக சுகாதார நிறுவனம் துத்தநாகத்துக்கு உடல்நல வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஆனால் ஆற்றில் மனிதன் மட்டும் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு நன்னீர் உயிர்களுக்கு வகுத்த அளவு, ஓரளவு கடினமான தண்ணீரில் லிட்டருக்கு 0.12 மில்லிகிராம். மென்னீரில் அதைவிடவும் குறைவு. மழையால் நிரம்பும் நம் பக்கத்து ஆறுகள் பெரும்பாலும் மென்னீர் ஆறுகள். நாம் விடும் 2.0 ஆற்றில் கலந்து குறைந்தது பதினைந்து, இருபது மடங்கு நீர்த்தால்தான் மீனுக்குத் தாங்கும் என்பது இதன் பொருள். வாய்க்காலில் ஓடுவதே பெரும்பாலும் ஆலைத் தண்ணீர் என்றால் நீர்க்க எங்கிருந்து நல்ல தண்ணீர் வரும்?

கடைசிக் குளத்தில் மீன் வளர்க்கும் வழக்கம் நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இருந்தது. சுற்றுச்சூழல் இலாகாவிலிருந்து ஆள் வந்தாலும், வாடிக்கையாளர் வெளிநாட்டிலிருந்து வந்தாலும், குளத்தோரம் அழைத்துப்போய் ஒரு பிடி தீனி வீசுவார்கள். திலாப்பியா கூட்டமாக மேலே வந்து வாயைத் திறக்கும். பாருங்கள், எங்கள் தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்பார்கள். நான் இந்தச் சாட்சியை ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. திலாப்பியா எதையும் தாங்கும் மீன். மற்ற மீன்கள் செத்து மிதக்கும் துத்தநாகத்திலும் அது நீந்திக்கொண்டிருக்கும். நன்னீர் மீன் தன் உடம்புக்கு வேண்டிய கால்சியத்தைச் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. துத்தநாகம் அந்த வாசலிலேயே உள்ளே நுழைகிறது. கால்சியத்துக்கு இடம் இல்லாமல் போகிறது. அளவு மிகுந்தால் செவுளின் மெல்லிய தோலே சிதைந்து, தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருக்கும்போதே மீன் மூச்சு முட்டிச் சாகும். தண்ணீரில் கால்சியம் கூடுதலாக இருந்தால் மீன் தப்பிக்கிறது. கடின நீரில் துத்தநாகத்தின் கடுமை குறைவதற்குக் காரணம் இதுதான்.

திலாப்பியாவை விட்டுவிட்டு நான் பார்த்தது தண்ணீர்ப்பூச்சியை. அலங்கார மீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்குத் தீனியாக வலையில் அள்ளுவார்களே, துள்ளித் துள்ளி நீந்தும் அந்தச் சிற்றுயிர். துத்தநாகம் அதற்கு ஆகவே ஆகாது. காலையில் ஒரு கண்ணாடிக் குவளையில் குளத்துத் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு எதிரே பிடிப்பேன். பூச்சிகள் குத்துக்குத்தாக மேலும் கீழும் துள்ளினால் முந்தின இரவு தொட்டி ஒழுங்காக ஓடியிருக்கிறது. குவளையில் ஒன்றுமே அசையவில்லை என்றால் நேரே பதிவேட்டை எடுத்துப் பிஎச் வரிசையைப் பார்ப்பேன். ஆய்வகத்து முடிவு வரச் சில நாட்கள் ஆகும். பூச்சி உடனே சொல்லிவிடும். இதை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் படிக்கவில்லை. பக்கத்துக் கம்போங்கிலிருந்து கப்பி மீனுக்குத் தீனி அள்ள வந்த ஒரு மலாய்ப் பையன், இந்த வாரம் குளத்தில் பூச்சி இல்லையே கக் (அக்கா) என்று கேட்டதிலிருந்து பிடித்துக்கொண்டது.

நுண்ணுயிர்த் தொட்டியிலும் இதே கதைதான். காற்று ஊதி வளர்க்கும் அந்தச் சேற்றுக்குள் அமோனியாவைத் தின்று நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை மெதுவாக வளர்பவை, எளிதில் சாகிறவை. துத்தநாகம் ஒரு நாள் தப்பி வந்துவிட்டால் முதலில் படுப்பவை அவைதான். வெளியே தெரிவது அமோனியா எண் ஏறுவது. 'பி' தரத்தில் அமோனியா நைட்ரஜன் 20க்குள் இருக்க வேண்டும். அது ஏறியதும் எல்லாரும் காற்றூதியைக் கழற்றுவார்கள். புது மோட்டார் வாங்கக் கடிதம் எழுதுவார்கள். அதற்கு முன்னால் இரண்டு நாள் துத்தநாகப் பதிவைப் பார்த்தால் காரணம் அங்கே இருக்கும்.

இவை எல்லாம் வேலிக்குள். வேலிக்கு வெளியே துத்தநாகம் என்ன செய்யும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தது காப்பார் பக்கத்து ஒரு கீரைப் பாத்தியில்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே கட்டடம் கட்டக் கூடாது. அந்த நீண்ட காலி நிலத்தில் வயதானவர்கள் காய்கறி போடுவார்கள். எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் அப்படி ஒரு பாட்டி தோட்டம் வைத்திருந்தார். ரப்பர்த் தோட்டம் துண்டாடப்பட்டு வீடுகள் ஆனபோது லயத்தை விட்டு வந்தவர். மண்வெட்டியைக் கீழே வைக்க மனமில்லாதவர். தண்டுக்கீரை, சாவி (கடுகுக்கீரை), நிலக்கடலை, ஓரத்தில் மரவள்ளி. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ லோரியில் கொண்டுவந்து இலவசமாக நிரப்பிக் கொடுத்த மண் அது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. முதலில் எல்லாம் விளைந்தது. பிறகு கீரை மஞ்சளடிக்க ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "நீ மருந்துத் தண்ணிலதான வேல செய்ற, இது என்னான்னு பாரு தங்கச்சி. மூணு மூட்ட யூரியா போட்டாச்சு. போடப் போட வெளுக்குது."

குனிந்து பார்த்தேன். அடி இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. உச்சியில் புதிதாக விரிந்த இலைகள்தான் மஞ்சள். அந்த மஞ்சளிலும் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெளிவாக நின்றன. தழைச்சத்து இல்லையென்றால் அடி இலை முதலில் வெளுக்கும். உச்சி இலை வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. ஆனால் அங்கே நிரப்பியிருந்தது செம்மண், இரும்புக்குப் பஞ்சமே இல்லாத மண். ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் கட்டையாக, பழுப்பேறி, மெல்லிய கிளைவேர்களே இல்லாமல் வந்தது. நிலக்கடலைச் செடியைப் பார்த்ததும் சந்தேகம் வலுத்தது. தண்டு தரையைத் தொடும் இடத்தில் நீளவாக்கில் பிளந்திருந்தது. துத்தநாகம் மிகுந்தால் நிலக்கடலை அப்படிப் பிளக்கும். பயிர்களிலேயே அதைத் தாங்க மாட்டாத பயிர் அது.

வீட்டிலிருந்து அன்னபேதி கரைத்த தண்ணீரும் ஒரு சின்னத் தூரிகையும் கொண்டுபோய், கீரையின் இளம் இலை ஒன்றில் ஒரு பாதியில் மட்டும் தடவிவிட்டு வந்தேன். சில நாட்களில் தடவிய பாதி பச்சை பிடித்தது. மறுபாதி மஞ்சளாகவே இருந்தது. இலைக்கு இரும்பு வேண்டும், ஆனால் வேர் அதைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை என்பது உறுதியாயிற்று. மண்ணையும் இலையையும் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். காய்ந்த இலையில் கிலோவுக்கு 20 முதல் 100 மில்லிகிராம் துத்தநாகம் இருந்தால் செடிக்குப் போதும். 300ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு அது நஞ்சு. பாட்டியின் கீரை அந்த அளவைத் தாண்டியிருந்தது. மண்ணின் பிஎச் 5க்குக் கீழே.

யூரியா போடப் போட ஏன் மோசமானது என்பதற்கு விடையும் அந்தப் பிஎச்சில்தான் இருந்தது. யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகும். மண்ணின் பிஎச் ஒரு படி இறங்கினால் கரைந்த துத்தநாகம் ஏறக்குறைய நூறு மடங்கு கூடும். பாட்டி பாசத்தோடு போட்ட ஒவ்வொரு மூட்டையும் மண்ணுக்குள் உறங்கிக்கிடந்ததை எழுப்பி வேருக்கு ஊட்டியிருக்கிறது. உரக்கடையில் பச்சை பிடிக்க இரும்புக் கரைசலை மட்டும் விற்றிருந்தால் இலை பச்சையாகியிருக்கும், வேர் அழுகிக்கொண்டே இருந்திருக்கும்.

"இத்தன நாளு நாங்க தின்னது எங்கள ஒண்ணும் செய்யாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. துத்தநாகத்தைப் பொறுத்தவரை செடி நமக்கு ஒரு காவல். நம்மைக் கெடுக்கும் அளவு இலையில் சேர்வதற்கு முன்பே செடி படுத்துவிடும். ஆனால் துத்தநாகம் தனியாக வருவதில்லை. அதன் தாதுவில் காட்மியம் கலந்திருக்கும், மட்டமான துத்தநாக ஆக்சைடிலும் அது கொஞ்சம் இருக்கும். காட்மியம் செடியைக் கொல்லாமலே இலைக்குள் ஏறி, சாப்பிடுகிறவரின் சிறுநீரகத்தில் ஆண்டுக்கணக்கில் சேரும். அதனால் காட்மியத்தையும் தனியாகச் சோதிக்கக் கொடுத்தேன். முடிவு வரும்வரை கீரை பறிக்க வேண்டாம் என்றேன். அதிகம் இல்லை என்று வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

வைத்தியம் பெரிதல்ல. இங்கே உரக்கடைகளில் ஜிஎம்எல் என்று விற்கும் மக்னீசியச் சுண்ணாம்புத் தூளைப் போட்டுப் பிஎச்சை 6.5க்கு மேல் கொண்டுவந்தோம். யூரியாவை நிறுத்தினோம். கீரையை வேறு மண் கொட்டிய மேட்டுப் பாத்திக்கு மாற்றினார். பழைய இடத்தில் செரை (எலுமிச்சைப்புல்) நட்டார். புல் இனம் துத்தநாகத்தைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் சுண்ணாம்பு அதை அகற்றவில்லை, கட்டிப்போட்டிருக்கிறது, அவ்வளவுதான். சுண்ணாம்பு போடுவதை விட்டுவிட்டால், நம் மழையில் மண் மறுபடியும் புளித்துப்போனதும் அது எழுந்து வரும். எருவைப் போல மக்கிப்போகிற பொருள் அல்ல அது. எரித்தாலும் சாம்பலில் இருக்கும். போட்டவர் போன பிறகும் மண்ணிலேயே இருக்கும்.

இதனால்தான் கசட்டின் மேல் எனக்கு அவ்வளவு கண்டிப்பு. தண்ணீரிலிருந்து எடுத்த துத்தநாகம் அத்தனையும் ஃபில்டர் பிரஸ்ஸில் அழுத்திய கசட்டில்தான் இருக்கிறது. பார்ப்பதற்கு நல்ல வண்டல் மண் போலவே இருக்கும், பிசைந்தால் கையில் ஒட்டும். வீட்டில் செடிக்குப் போடக் கொஞ்சம் தாங்க அக்கா என்று கேட்ட காவல்காரர்களும் ஓட்டுநர்களும் உண்டு. 2005ஆம் ஆண்டு விதிகளில் கன உலோகமுள்ள ரப்பர்க் கசட்டுக்கு எஸ்டபிள்யூ 321 என்று தனி எண்ணே இருக்கிறது. 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ தொழிற்சாலையில் சேர்த்து வைக்கக் கூடாது. உரிமம் பெற்ற லோரியில் ஏற்றி, நெகிரி செம்பிலானில் உள்ள புக்கிட் நானாஸ் மையம் போன்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். செலவு அதிகம். அந்தச் செலவைத் தவிர்க்க நினைத்தவர்கள் முன்பு இருந்தார்கள். அதற்கு விலை கொடுத்தவர் பாட்டி மாதிரி ஆள்.

ஆட்டில் அது தாமிரக் குறையாகத் தோன்றும் என்றேனே, அதைப் பற்றியும் கொஞ்சம். தீவனத்தில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் துத்தநாகம் வரை மாடு தாங்கும் என்பார்கள், பன்றி 1,000 வரை தாங்கும், செம்மறியாடு 300தான். குடலுக்குள் துத்தநாகம் மிகுந்தால் உடம்பு அதைப் பிடித்து வைக்க ஒரு புரதத்தை உண்டாக்கும். அந்தப் புரதமோ துத்தநாகத்தைவிடத் தாமிரத்தை இறுக்கமாகப் பிடிக்கும். பிடித்த தாமிரம் குடல் தோல் உதிரும்போது சாணத்தோடு போய்விடும். ஆட்டுக்கு இரத்தம் குறையும், ரோமம் நிறம் மங்கும். சொந்தக்காரர் தாமிரம் இல்லாத தீவனம் என்று தீவனக்காரரோடு சண்டை போடுவார். இதே குணத்தை நன்மைக்கும் திருப்பலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கில் தாமிரம் அதிகம். அதையே தின்ற செம்மறியாடுகள் தாமிரம் ஈரலில் சேர்ந்து செத்தன. செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1990களில் அந்தத் தீவனத்தோடு துத்தநாகம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். தாமிரம் ஏறுவது தணிந்தது. மனிதரில் தாமிரம் சேர்ந்து ஈரலைக் கெடுக்கும் வில்சன் நோய்க்கும் துத்தநாகம் மருந்து. அளவும் இடமும் சரியாக இருந்தால் மருந்து. கோவிட் காலத்தில் எதிர்ப்புச்சக்தி என்று துத்தநாக மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கிய உறவினர்களிடம் நான் இதைத்தான் சொன்னேன். பெரியவர்களுக்கு நாளுக்கு 8 முதல் 11 மில்லிகிராம் போதும், 40ஐத் தாண்டி மாதக்கணக்கில் போனால் தாமிரம் வற்றி இரத்தசோகையும் கால் மரத்துப்போவதும் வரலாம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். துன் சம்பந்தன் சாலை நடைபாதையில் உட்காரும் கிளி ஜோசியர் ஒருவரோடு எனக்குப் பழக்கம், கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பேசிவிட்டுப் போவேன். ஒரு நாள் கிளி சீட்டெடுக்க வராமல் கூண்டின் மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தை ஓயாமல் குடித்துக் காலி செய்தது. எச்சம் பச்சைத் தண்ணீராக இருந்தது. கூண்டு புதிது. பளபளப்பான துத்தநாக முலாம் பூசிய கம்பிவலை. சந்திப்புகளில் முலாம் உருண்டு சொட்டுகளாக நின்றிருந்தது, மழையில் நனைந்த பக்கம் மாவு போல வெள்ளைத் துரு. கிளி கம்பியைக் கடித்தபடி ஏறும் பறவை. அந்தச் சொட்டையும் துருவையும் நாள் முழுக்கச் சுரண்டித் தின்றிருக்கிறது. பறவை மருத்துவர்கள் இதைப் புதுக் கம்பி நோய் என்பார்கள். "சளி புடிச்சிருச்சுன்னு மிளகுத் தண்ணி குடுத்தேம்மா" என்றார். ஐயா, முதலில் கூண்டை மாற்றுங்கள், இன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள் என்றேன். ஊசி போட்டு உடம்பிலிருந்து உலோகத்தை இறக்கினார்கள், கிளி தேறியது. முலாம் பூசிய புதுக் கூண்டு வாங்குகிறவர்கள் வினிகர் தொட்டுக் கெட்டித் தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, சொட்டுகளை அரத்தால் எடுத்துவிட்டு, பிறகு பறவையை விட வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் கூண்டு வாங்க முடிந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நான் இப்போது கழிவுநீர் நிலையம் நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். 2009 விதிகளின்படி சுத்திகரிப்பு நிலையத்தைத் தகுதிச் சான்று பெற்றவர்தான் நடத்த வேண்டும். அதனால் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தமிழ், மலாய், சீனம், நேப்பாளி எல்லா மொழியும் வகுப்பில் கேட்கும். முதல் நாள் ஒரு கணக்குப் போட வைக்கிறேன். தொழிற்சாலை நாளுக்கு 2,000 கன மீட்டர் தண்ணீர் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் லிட்டருக்கு 2.0. சட்டப்படி எல்லாம் சரி. ஒரு நாளைக்கு எவ்வளவு உலோகம் வாய்க்காலில் போகிறது? நான்கு கிலோ. ஆண்டுக்கு? 1,460 கிலோ. ஒரே வாய்க்காலில் அப்படி ஐந்து தொழிற்சாலை இருந்தால் ஏழு டன்னுக்கு மேல். அது சேற்றில் படியும், கழிமுகத்துக்குப் போகும். கோலா சிலாங்கூர் சேற்றுக்கரையில் வளரும் கெராங் போன்ற சிப்பிகள் உலோகத்தை உடம்பில் சேர்த்து வைக்கும் உயிர்கள். லிட்டருக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்கும் சட்டம், நாளுக்கு எத்தனை கிலோ என்றும் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஆற்றுக்கும் இத்தனை கிலோதான் என்று வரம்பு வைத்து, அதைத் தொழிற்சாலைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இதை இலாகாவின் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஜார் டெஸ்டை ஒழுங்காகச் செய்து, அமோனியாவை முன்கூட்டியே விரட்டி, திரளை வடிகட்டிவிட்டால் 2.0 இருக்கும் இடத்தில் 0.3க்குக் கொண்டுவர முடியும். நான் நடத்திய தொட்டிகளில் அது முடிந்திருக்கிறது. கூடுதல் செலவு சுண்ணாம்பும், பாலிமரும், ஷிப்டுக்கு ஒரு கவனமான ஆளும். மேலாளர்கள் சட்ட எண்ணுக்குக் கீழே போவதற்கு எதற்குச் செலவு என்று கேட்பார்கள். அப்போது நான் அந்த 1,460 கிலோவை அவர்கள் முன்னால் எழுதிக் காட்டி, அதில் எவ்வளவைக் குறைக்க நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள் என்று கேட்பேன். சிலர் போட்டிருக்கிறார்கள்.